எஸ்எஸ்எச் டனலில் போட்ட யுடிபி பாக்கெட்டுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன

#1 அளவுமானி (திங்கள், இரவு 10.12)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் எங்கள் அளவீட்டுக் கருவிகள் 12 இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறை, 96 பைட் கொண்ட ஒரு யுடிபி பாக்கெட்டை வெளியே இருக்கும் எங்கள் சர்வரின் 7000ஆம் போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். கருவிக்கு யுடிபியைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஃபர்ம்வேரில் கைவைக்கவும் வழியில்லை. நடுவில் அவர்களுடைய ஃபயர்வால் நிற்கிறது. உள்ளிருந்து வெளியே டிசிபி 22, அதாவது தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச்சின் போர்ட், மட்டும் போகும், மற்றதெல்லாம் கப்சிப்.

உள்ளே எனக்கென்று ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி உண்டு. இணையத்தில் பல இடங்களில் இருக்கும் அதே வித்தையைத்தான் செய்தேன். எஸ்எஸ்எச்சில் ஒரு டிசிபி போர்ட்டை ஃபார்வர்ட் செய்து (இதுதான் டனல்), இரண்டு முனையிலும் வலையில் வருவதை வாங்கிக் கொடுக்கும் நெட்கேட் வைத்து, பதில் திரும்பி வர குழாய் மாதிரி ஒரு ஃபிஃபோ ஃபைல். உள்ளே யுடிபி டிசிபியாக மாறும், வெளியே போய் மறுபடி யுடிபி ஆகும். கையால் "வணக்கம்" என்று அடித்து அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. துள்ளிக் குதிக்காத குறை.

கருவிகளை இணைத்ததும் ஆரம்பித்தது தலைவலி. சர்வர் லாகில் "நீளம் 192, நிராகரிக்கப்பட்டது" என்று வரிசையாக விழுகிறது. நடுவில் ஒரு தடவை 1056. எல்லாமே 96இன் மடங்கு! அதுவும் ஒரே ஒரு கருவியின் தரவு மட்டும்தான் வருகிறது, மற்ற பதினொன்றும் போன இடம் தெரியவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

#2 நெடுங்கம்பி (திங்கள், இரவு 10.40)

தப்பு உங்கள் மேல் இல்லை, அந்த வித்தையின் மேல்தான். பாக்கெட்டுகள் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

யுடிபி என்பது 1980இல் ஜான் போஸ்டெல் எழுதிய மூன்று பக்க ஆவணம், ஆர்எஃப்சி என்ற இணைய விதி ஆவண வரிசையில் 768. எட்டு பைட் தலைப்பு, அதற்குள் ஒரு நீளம். அனுப்பும் நிரல் ஒருமுறை அனுப்பியது, வாங்கும் நிரலுக்கு ஒருமுறையில், முழுசாக வரும். இல்லையென்றால் வரவே வராது. பாதி வருவதோ இரண்டு சேர்ந்து வருவதோ கிடையாது. டிசிபி அப்படி இல்லை. அது பைட்டுகளின் ஒரே ஓட்டம். நீங்கள் பதினொரு தடவை எழுதியதை ஒரே வாசிப்பில் 1056 பைட்டாகக் கொடுப்பதும், ஒரு தடவை எழுதியதை இரண்டாக வெட்டிக் கொடுப்பதும் அதன் உரிமை. கடிதங்களையெல்லாம் உறை பிரித்து ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரே சுருளாக அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் இருப்பவரிடம் "எது எங்கே முடிகிறது, நீயே பார்த்துக்கொள்" என்று சொன்ன மாதிரி.

"வணக்கம்" சோதனை வென்றதற்கும் காரணம் இதுதான். ஒரே ஒரு கடிதம் என்றால் எதனோடு ஒட்டும்?

ஒரே கருவி மட்டும் வருவது வேறு கதை. யுடிபியில் காத்திருக்கும் நெட்கேட், முதலில் பேசியவரின் முகவரியோடு தன்னைக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு யார் கதவைத் தட்டினாலும் காதில் விழாது.

எஸ்எஸ்எச்சின் போர்ட் ஃபார்வர்டிங் டிசிபிக்கு மட்டும்தான். ஓபன்எஸ்எஸ்எச் என்ற எஸ்எஸ்எச் நிரலின் சாக்ஸ் (ப்ராக்சி) வழியும் அப்படியே. சாக்ஸ் 5 நெறிமுறையில் யுடிபிக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது, ஓபன்எஸ்எஸ்எச் அதைச் செய்வதில்லை.

#3 பைப்புக்காரன் (திங்கள், இரவு 11.05)

நெட்கேட்டைத் தூக்கிப் போடுங்கள், அதே வேலையைக் கூடுதல் வசதியோடு செய்யும் சோகேட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ரெக்வ்ஃப்ரம், ஃபோர்க் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வருகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனி டிசிபி இணைப்பு. ஒரு இணைப்பில் ஒரு பாக்கெட் என்றால் ஒட்டுவதற்கு ஆள் இல்லை. எத்தனை கருவி வந்தாலும் கவலையில்லை. டிஎன்எஸ்ஸுக்கு (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி சொல்லும் சேவை) நான் பல வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

#4 புதுமுகம் (செவ்வாய், காலை 7.30)

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். டிஎன்எஸ் என்றதும் ஞாபகம் வந்தது. நானும் சோகேட்டில் யுடிபி 53ஐ வாங்கி, டனல் வழியாக நேரே டிஎன்எஸ் சர்வரின் டிசிபி 53க்கு விட்டேன். பதிலே வரவில்லை. டிஎன்எஸ் டிசிபியிலும் பேசும் என்றுதானே சொல்கிறார்கள்?

#5 நெடுங்கம்பி (செவ்வாய், காலை 8.02)

புதுமுகம், பேசும். ஆனால் டிசிபியில் பேசும்போது ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் இரண்டு பைட்டில் அதன் நீளத்தை எழுத வேண்டும். நீங்கள் யுடிபி பாக்கெட்டை அப்படியே ஊற்றியதால் கேள்வியின் முதல் இரண்டு பைட்டை, அதாவது அடையாள எண்ணை, சர்வர் நீளமென்று எடுத்துக்கொண்டிருக்கும். மீதி வரட்டும் என்று இன்னும் காத்துக்கொண்டிருக்கும், பாவம். மறுமுனையிலும் ஒரு சோகேட் வைத்து யுடிபியாக மாற்றிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

#6 அளவுமானி (செவ்வாய், மதியம் 1.15)

பைப்புக்காரன் அண்ணே, முயற்சி செய்தேன். ஒட்டுவது நின்றது, 12 கருவியும் வருகின்றன. நன்றி. ஆனால் பெட்டி மூச்சு வாங்குகிறது. நொடிக்கு 120 பாக்கெட் என்றால் நொடிக்கு 120 புராசஸ் பிறந்து சாகிறது, எஸ்எஸ்எச்சுக்குள் 120 சேனல் திறந்து மூடுகிறது. எந்த நேரம் பார்த்தாலும் அறுபது எழுபது சோகேட் உயிரோடு நிற்கிறது. வரிசையும் கலைகிறது. 5001ஆம் அளவீட்டுக்குப் பிறகு 4998 வருகிறது.

#7 பைப்புக்காரன் (செவ்வாய், மதியம் 1.40)

அந்த அறுபதுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பக்கம் முடிந்த பிறகும் மறுபக்கத்துக்காக சோகேட் இயல்பாக அரை நொடி காத்திருக்கும். 120இல் பாதி 60. காத்திருப்பைக் குறைத்தால் எண்ணிக்கை குறையும். ஆனாலும் உண்மையை ஒத்துக்கொள்கிறேன், இது கேள்வி ஒன்று பதில் ஒன்று என்று இருக்கும் வேலைக்குத்தான் ஏற்றது. விடாமல் பொழிகிற தரவுக்கு நான் பரிந்துரைத்திருக்கக் கூடாது.

#8 இரண்டுபைட் (செவ்வாய், மாலை 6.20)

#5இலேயே மருந்து இருக்கிறதே! டிஎன்எஸ் செய்வதை நீங்களும் செய்யுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் இரண்டு பைட் நீளம். குரல் பாக்கெட்டுகளை டிசிபியில் அனுப்ப 2006இல் வந்த ஆர்எஃப்சி 4571உம் இதையேதான் சொல்கிறது. யுடிபியின் நீளமே 16 பிட்டுக்குள் அடங்குவதால் இரண்டு பைட் எப்போதும் போதும். ஒரே டிசிபி இணைப்பு, உள்ளே ஒரு நிரல், வெளியே ஒரு நிரல். பைத்தானில் ஆளுக்கு முப்பது நாற்பது வரி.

நிரலை இங்கே ஒட்டவில்லை. எல்லோரும் தடுக்கி விழும் இரண்டு இடத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வாசிப்பது. "98 பைட் கொடு" என்று கேட்டால் டிசிபி 98 தரும் என்று நம்பாதீர்கள். 31 தரலாம், அடுத்த முறை 67 தரலாம். முதலில் இரண்டு பைட் சேரும்வரை சுற்று, பிறகு அந்த நீளம் சேரும்வரை சுற்று, சேர்ந்ததும் ஒரே யுடிபி பாக்கெட்டாக வெளியே விடு. நம்மில் பாதிப் பேர் சுற்றாமல் ஒரே வாசிப்பில் முடித்துவிட்டு, சோதனையில் வென்று, களத்தில் தோற்றவர்கள்தான்.

இரண்டாவது, பைட் வரிசை. 96ஐப் பதினாறடிமானத்தில் எழுதினால் 60. கம்பியில் அது 00 60 என்று போக வேண்டும். எனக்கு ஒருமுறை மறுமுனை அதையே 60 00 என்று படித்துவிட்டது. அப்படிப் படித்தால் 24,576. அத்தனை பைட் வரும்வரை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, வெறும் மௌனம். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

எந்தக் கருவி அனுப்பியது என்பது பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறதா? இருந்தால் அனுப்பியவர் முகவரியைச் சுமக்க வேண்டாம். இல்லையென்றால் நீளத்தோடு இன்னொரு பைட்டில் கருவி எண்ணையும் சேருங்கள்.

#9 அளவுமானி (செவ்வாய், இரவு 11.50)

இருக்கிறது, முதல் நான்கு பைட் கருவி எண். எழுதிவிட்டேன், ஓடுகிறது! 12 கருவி, ஒரே இணைப்பு, வரிசை கலையவில்லை, நீளம் எப்போதும் 96. இரண்டுபைட், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

#10 பழையசரக்கு (புதன், காலை 6.10)

சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சரிசெய்தது பாதிதான்.

யுடிபிக்கு இரண்டு குணம். எல்லை காப்பது ஒன்று, அதை மீட்டுவிட்டீர்கள். தொலைந்தால் தொலைந்தது என்று அடுத்ததற்குப் போவது இன்னொன்று. அது இன்னும் உங்களிடம் இல்லை. டிசிபியில் ஒரு துண்டு வழியில் விழுந்துவிட்டால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்ததெல்லாம் மறுமுனையின் கெர்னலில் (இயங்குதளத்தின் மையத்தில்) காத்துக் கிடக்கும். நிரலுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

குரலை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு ஐம்பது. போய்வர 150 மில்லி நொடி ஆகும் தடத்தில் ஒன்று விழுந்தால், அதன் பின்னால் குறைந்தது ஏழெட்டு பாக்கெட் வரிசையில் நிற்கும். பிறகு எல்லாம் ஒரே தள்ளாக வந்து விழும். அதற்குள் அவற்றைப் பேசவேண்டிய நேரம் கடந்துபோயிருக்கும், பெறுபவர் குப்பையில் போடுவார். யுடிபியாக விட்டிருந்தால் காதுக்கே தெரியாத ஒரே ஒரு இடைவெளி.

நேரம் காட்டும் என்டிபியை இப்படி டனலில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே தாமதம் என்ற நம்பிக்கையில்தான் அதன் கணக்கே நிற்கிறது. போகும்போது மட்டும் 300 மில்லி நொடி கூடுதலாகத் தேங்கினால் கடிகாரம் அதில் பாதி, 150 மில்லி நொடி, தவறாகப் போகும். கேட்டால் "சின்க் ஆகிவிட்டது" என்று பெருமையாக வேறு சொல்லும்.

உங்கள் தடம் எட்டு நொடி தொங்கினால் என்ன ஆகும்? 960 அளவீடு ஒன்றாக வந்து விழும். சர்வர் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துப் படம் வரைகிறதென்றால் அதில் முதலில் ஒரு சமவெளி, அப்புறம் ஒரு செங்குத்துப் பாறை.

#11 அளவுமானி (புதன், காலை 9.33)

இப்போதுதான் ராத்திரி வரைபடத்தைத் திறந்தேன். சமவெளி, பாறை. நான்கு இடத்தில். நேரில் பார்த்த மாதிரி எழுதிவிட்டீர்கள்.

#12 புதுமுகம் (புதன், காலை 9.50)

எஸ்எஸ்எச்சிலேயே டன் இடைமுகம் (ஐபி பாக்கெட்டை முழுசாக வாங்கும் மெய்நிகர் வலை அட்டை) திறக்கும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டால்?

#13 நெடுங்கம்பி (புதன், காலை 10.15)

2006இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 4.3இலிருந்து உண்டு. சர்வர் அமைப்பில் பெர்மிட்டனல் இயல்பாக மூடியே இருக்கும், அதைத் திறக்க வேண்டும். டன் இடைமுகத்தை முன்கூட்டியே செய்து உரிமை கொடுத்து வைக்காவிட்டால் இரண்டு பக்கமும் ரூட் வேண்டும். ஐபி பாக்கெட் முழுசாகப் போவதால் எல்லைக்கு ஆபத்தில்லை, இரண்டுபைட்டின் நிரலும் தேவைப்படாது. ஆனால் பழையசரக்கு சொன்ன வியாதி அப்படியே இருக்கும், அடியில் ஓடுவது அதே டிசிபிதானே. அதற்குள் இன்னொரு டிசிபி ஓடவிட்டால் இரண்டும் தனித்தனியே மறுபடி அனுப்பி ஒன்றையொன்று கழுத்தை நெரிக்கும். ஓலாஃப் டிட்ஸ் இதைப்பற்றி 2001லேயே எழுதிவிட்டார்.

#14 பைப்புக்காரன் (புதன், காலை 11.02)

அப்படியென்றால் வயர்கார்ட் என்ற விபிஎன், கூடவே யுடிபி2ரா. வயர்கார்ட் யுடிபியில் மட்டும்தான் பேசும். யுடிபி2ரா அந்த யுடிபிக்கு டிசிபித் தலைப்பை மாட்டி வேஷம் போட்டுவிடும். ஃபயர்வாலின் கண்ணுக்கு டிசிபி, உள்ளே மறு அனுப்பலும் இல்லை, தேக்கமும் இல்லை. 22ஆம் போர்ட்டிலேயே விடலாம்.

#15 வாயிற்காவலன் (புதன், மதியம் 12.30)

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன், #14 எழுத வைத்துவிட்டது. நான் வேலை செய்வது அந்தப் பக்கம். ஃபயர்வால் பார்ப்பவன்.

முதலில் தொழில்நுட்பம். 22இல் வருவது எஸ்எஸ்எச்தானா என்று உள்ளே பார்க்கும் ஃபயர்வால்கள் ஏராளம். எஸ்எஸ்எச் இணைப்பு தன் பதிப்பைச் சொல்லும் ஒரு வரியோடுதான் தொடங்கும், "எஸ்எஸ்எச்-2.0" என்று. வேஷம் போட்ட பாக்கெட்டில் அது இருக்காது, அங்கேயே வெட்டு விழும். நடுவில் ப்ராக்சி இருந்தாலும் கதை முடிந்தது. அது டிசிபியைத் தன்னிடமே முடித்துக்கொண்டு புதிதாகத் தொடங்கும், வேஷம் கலைந்துவிடும்.

இனி கேட்க வேண்டிய கேள்வி. அளவுமானி, அந்த ஃபயர்வால் யாருடையது? அவர்களிடம் கேட்டீர்களா?

#16 அளவுமானி (புதன், மதியம் 12.48)

வாடிக்கையாளருடையது. கருவி வைக்க ஒப்பந்தம் இருக்கிறது, எஸ்எஸ்எச் அவர்களே திறந்து கொடுத்தது. யுடிபி பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் மூன்று வாரம் இழுப்பார்கள், கடைசியில் "பாதுகாப்புக் காரணங்களுக்காக இயலாது" என்று ஒரு வரி வரும். இதெல்லாம் பார்த்துப் பழகியவன் நான்.

#17 வாயிற்காவலன் (புதன், மதியம் 1.25)

என்ன கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது அது. "யுடிபி திறந்துவிடுங்கள்" என்று ஒரு வரி வந்தால் நானும் அந்த ஒரு வரியைத்தான் திருப்பி அனுப்புவேன்.

யுடிபியில் கைகுலுக்கல் கிடையாது, அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுவது சுலபம். 2018 பிப்ரவரியில் மெம்கேஷ்டு என்ற தற்காலிகச் சேமிப்பு சர்வர்களின் யுடிபி 11211 போர்ட்டைப் பொய் முகவரியோடு தட்டி, பதில்களை நொடிக்கு 1.35 டெராபிட் அளவுக்கு ஒரு தளத்தின் மேல் கொட்டினார்கள். அந்தச் சர்வர்களை வைத்திருந்தவர்கள் யாரும் தாக்குபவர்கள் இல்லை, கதவை மூட மறந்தவர்கள். இணைப்பு தொடங்கியதா முடிந்ததா என்பதும் யுடிபியில் ஃபயர்வாலுக்குத் தெரியாது, நேரத்தை வைத்து ஊகிக்கும். இணைப்புகளைக் குறித்துவைக்கும் லினக்ஸின் கான்ட்ராக், இயல்பில் பதில் வராத யுடிபியை 30 நொடியில் மறந்துவிடும். நிலைத்த டிசிபியை ஐந்து நாள் ஞாபகம் வைத்திருக்கும்.

எனக்கு எழுதுவதானால் இப்படி எழுதுங்கள். உள்ளிருந்து இந்த ஒரு முகவரி, வெளியே இந்த ஒரு முகவரி, யுடிபி, இந்த ஒரு போர்ட். திசை உள்ளிருந்து வெளியே மட்டும். உள்ளே போவது என்ன, நொடிக்கு எவ்வளவு, இரண்டு முனைக்கும் யார் பொறுப்பு, ராத்திரி பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. வயர்கார்ட் என்று பெயரையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைகுறியாக்கப்பட்ட டனலுக்குள் என்ன ஓடுகிறது என்று என்னால் பார்க்க முடியாது, அதனால் இரண்டு வாயிலும் தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சர்வர் பக்கத்திலிருந்து உள்ளே எதுவும் வரக்கூடாது என்று உங்கள் லினக்ஸ் பெட்டியிலேயே விதி போட்டு, அதையும் சொல்லுங்கள்.

கேட்காமல் வேஷம் போட்டு அனுப்பினால் என் லாகில் ஒரே வெளி முகவரிக்கு 24 மணி நேரமும் ஓயாத ஒரு ஓட்டம் தெரியும். தரவு கசிவதும் இப்படித்தான் தெரியும். நான் முதலில் வெட்டுவேன், அப்புறம்தான் விசாரிப்பேன்.

#18 பைப்புக்காரன் (புதன், மதியம் 2.00)

சரி, சரி. நான் சொன்னது சொந்த வலைக்கு. எங்கேயும் யுடிபியே கிடையாது, 443இல் ப்ராக்சி மட்டும்தான் என்று மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. டபிள்யூஎஸ்டனல் மாதிரி, வெப்சாக்கெட்டுக்குள் யுடிபியை வைத்து அனுப்புபவை இருக்கின்றன. எல்லை காக்கும், தேக்கம் இருக்கும். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9298, எச்டிடிபி வழியாகவே யுடிபியைக் கொண்டுபோக முறை வகுத்திருக்கிறது. அடியில் யுடிபி மேல் செல்லும் க்விக் நெறிமுறை ஓடினால் தேக்கமும் இல்லை, ஆனால் க்விக்குக்கே யுடிபி 443 திறந்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கு வந்து நிற்கிறோம்.

#19 அளவுமானி (வெள்ளி, மாலை 5.45)

வாயிற்காவலன் சொன்ன மாதிரியே, வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் இல்லை, ஒன்றரை நாள்! "51820 திறந்தாயிற்று" என்று பதில், அதுதான் நான் கேட்ட வயர்கார்ட் போர்ட்.

ஆனால் வயர்கார்ட் இணையவில்லை. என் பக்கம் டிசிபிடம்ப் (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் நிரல்) போட்டுப் பார்த்தால் ஐந்து நொடிக்கு ஒருமுறை 148 பைட் போகிறது. 148, 148, 148. எதுவும் திரும்பவில்லை. சர்வர் பக்கம் ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை. நெட்கேட்டில் யுடிபி சோதனை போட்டால் மட்டும் "வெற்றி" என்கிறது.

#20 நெடுங்கம்பி (வெள்ளி, மாலை 6.05)

அந்த "வெற்றி"யை நம்பாதீர்கள். யுடிபியில் அதற்கு "மறுப்பு எதுவும் வரவில்லை" என்று மட்டுமே அர்த்தம். ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கினாலும் வெற்றிதான். வயர்கார்டும் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லாது, எனவே வெளியிலிருந்து தட்டிப் பார்த்தும் பயனில்லை. 148 போனால் 92 திரும்ப வேண்டும், அதுதான் கைகுலுக்கல். 148 சர்வருக்கே வரவில்லை என்றால் வழியில்தான் தொலைகிறது. டிசிபி 51820ஐத் திறந்துவிட்டார்களோ?

#21 அளவுமானி (வெள்ளி, மாலை 6.50)

அதேதான்! போன் போட்டேன். "போர்ட் என்றால் கை தானாக டிசிபியில் போகிறது சார்" என்று சிரித்தார் அங்கிருந்த பையன். மாற்றிய மறுநொடி 148, 92. இணைந்துவிட்டது.

லினக்ஸ் பெட்டியை கேட்வேயாக வைத்து, கருவிகளின் அமைப்புப் பக்கத்தில் சேருமிடத்தைச் சர்வரின் வயர்கார்ட் முகவரிக்கு மாற்றிவிட்டேன். இனி நடுவில் என் நிரல் வேண்டாம்.

#22 அளவுமானி (ஞாயிறு, காலை 11.20)

இரண்டு நாள் அருமையாக ஓடியது. வரைபடத்தில் பாறை இல்லை. அங்கங்கே ஓர் அளவீடு விழுகிறது, அது பரவாயில்லை.

இப்போது புதுச் சிக்கல். கருவிக்கும் பெட்டிக்கும் இடையில் வலை அறுந்தால் கருவி அளவீடுகளைச் சேமித்து வைத்து, மீண்டதும் 15 அளவீட்டை ஒரே பாக்கெட்டாகக் கட்டி அனுப்பும். அந்தக் கட்டுகள் எதுவும் சர்வருக்கு வரவில்லை. தனி அளவீடுகள் ஒழுங்காக வருகின்றன. பழைய டிசிபி வழியில் இந்தக் கட்டுகள் தொலைந்ததே இல்லை. விசித்திரம் என்னவென்றால் ஏழாம் எண் கருவியின் கட்டு மட்டும் இப்போதும் வருகிறது. எல்லாக் கருவியிலும் அதே ஃபர்ம்வேர்.

#23 பழையசரக்கு (ஞாயிறு, காலை 11.41)

15 பெருக்கல் 96, 1440. யுடிபி, ஐபி தலைப்புகள் 28 சேர்த்து 1468. உங்கள் வயர்கார்ட் இடைமுகத்தின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) எவ்வளவு?

#24 அளவுமானி (ஞாயிறு, காலை 11.44)

1420. நான் எதையும் மாற்றவில்லை.

#25 பழையசரக்கு (ஞாயிறு, மதியம் 12.10)

அவ்வளவுதான் விஷயம். வயர்கார்ட் தன் பங்குக்கு 32 பைட் சேர்க்கும், அதற்கு மேல் யுடிபி 8, ஐபிவி4 என்றால் 20. ஆக 60. வெளிப்பாதை ஐபிவி6ஆக இருந்தால் 80. அந்த 80ஐ 1500இல் கழித்துத்தான் 1420. உங்கள் வெளிப்பாதை ஐபிவி4தான் என்று துணிந்து 1440 ஆக்கினாலும் 1468 நுழையாது.

நுழையாவிட்டால் துண்டாக்கி அனுப்பலாமே என்பீர்கள். கருவி "துண்டாக்காதே" என்ற கொடியோடு அனுப்பினால் பெட்டிக்கு அந்த உரிமை இல்லை. கீழே போட்டுவிட்டு, "1420க்குள் அனுப்பு" என்று ஓர் ஐசிஎம்பி பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் படிக்கிறதா என்பதுதான் கேள்வி. டிசிபி வழியில் இது வராததற்குக் காரணம், டிசிபி தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளும். அதன் கெட்ட குணம் அங்கே உங்களுக்கு உதவியிருக்கிறது.

பெட்டியிலிருந்து சர்வருக்கு, துண்டாக்காதே என்ற கொடியோடு பிங் போடுங்கள். 1392 போகும், 1393 போகாது. அப்புறம் கருவிப் பக்கத்து இடைமுகத்தில் டிசிபிடம்ப்.

#26 அளவுமானி (ஞாயிறு, மதியம் 1.30)

1392 போனது, 1393 போகவில்லை. டிசிபிடம்பில் ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால் "துண்டாக்க வேண்டும், எம்டியு 1420" என்று பெட்டி ஓர் ஐசிஎம்பி அனுப்புகிறது. கருவி கண்டுகொள்ளவே இல்லை. அடுத்த கட்டையும் அதே 1468லேயே அனுப்புகிறது. செவிட்டுக் காதில் சங்கு.

#27 இரண்டுபைட் (ஞாயிறு, மதியம் 1.42)

அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டுக்கு எத்தனை அளவீடு என்று இருக்கிறதா பாருங்கள். 14 என்றால் 1344, தலைப்போடு 1372. தாராளமாக நுழையும்.

#28 அளவுமானி (ஞாயிறு, மதியம் 2.25)

இருக்கிறது! 14 ஆக்கினேன். ஒரு கருவியின் கம்பியைப் பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்து மாட்டினேன், கட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. மற்றவற்றிலும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

#29 நெடுங்கம்பி (ஞாயிறு, மதியம் 2.40)

சர்வரிலிருந்து கருவிக்கு எப்போதாவது கட்டளை அனுப்புவீர்களென்றால், பெட்டி பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 நொடிக்கொருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட்) போட்டுவிடுங்கள். கருவிகள் பேசாமல் இருக்கும் நேரத்தில் 30 நொடியிலேயே ஃபயர்வால் வழியை மறந்துவிடலாம், அப்போது சர்வரால் உள்ளே வர முடியாது. அந்தக் கட்டளைக்குத் தனி விதியும் எழுதுங்கள், வாயிற்காவலனுக்குத் தூக்கம் வர வேண்டும் இல்லையா.

#30 வாயிற்காவலன் (ஞாயிறு, மாலை 4.15)

வரும், வரும். ஒரே ஒரு கேள்வி. டிசிபி 22இல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழைய ஃபார்வர்டிங், உங்கள் நிரல், இதெல்லாம் நிறுத்தியாயிற்றா?

#31 அளவுமானி (ஞாயிறு, மாலை 4.20)

ஐயோ, இல்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதோ நிறுத்துகிறேன்.

#32 அளவுமானி (ஞாயிறு, மாலை 4.31)

நிறுத்தினேன். ஏழாம் எண் கருவி மௌனமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அதன் சேருமிடத்தை மாற்ற மறந்திருக்கிறேன், இரண்டு நாளும் பழைய வழியிலேயே வந்துகொண்டிருந்திருக்கிறது.